மணியக்காரி எழுதிய விதிவிலக்கு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மணியக்காரி என்று பெயர். ஆய்வகம், மருந்தகம், வார்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் இருந்தது. அத்தனையையும் கண்காணிக்கிற மென்பொருள் அவள் பொறுப்பு. இந்த அளவைத் தாண்டினால் நர்ஸ் திரையில் மணி அடி என்று அதற்கு விதி எழுதுவதே அவள் வேலை. கிராமத்து மணியக்காரரைப் போல ஊரையே அதட்டுகிறவள், மணியும் அடிக்கிறவள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடுத்த பதிப்பைத் திட்டமிடக் கூடியபோது தலைமை நர்ஸ் உட்காரக்கூட இல்லை.

"டயாலிசிஸ் ஆளுங்களுக்கு பொட்டாசியம் ஏறித்தான் இருக்கும். ரத்தத்தைச் சுத்தம் பண்ணினா இறங்கிடும். அதுக்கெல்லாம் மணி அடிச்சா எப்படிங்க? பொண்ணுங்க பார்க்காமலே அணைச்சிடறாங்க. போன வாரம் நிஜமான மணியையும் அப்படித்தான் அணைச்சாங்க. அந்தம்மா இன்னும் ஐசியூவுல கிடக்கறாங்க."

டயாலிசிஸ்காரர்களுக்கு மணி வேண்டாம் என்று ஒரு விதிவிலக்கு எழுதினால் தீர்ந்தது. ஆனால் அவர்களில் அவள் கணவரும் ஒருவர்.

"டயாலிசிஸைத் தவற விட்டவங்களுக்கு ஏறினா இறங்காதே?" என்றாள். "யார் வந்தாங்க, வரலைன்னு அந்தப் பிரிவோட மென்பொருளுக்குத்தான் தெரியும். முதல்ல அதை நம்மளோட இணைச்சிடலாம்."

"அதுக்கு மாசக்கணக்காகும்," என்றார் கணினிப் பிரிவுத் தலைவர். "அதுவரைக்கும் இவங்க காது கிழியணுமா?"

ஐசியூவில் கிடந்த அம்மாவை நினைத்து அவள் ஒப்புக்கொண்டு விதிவிலக்கை எழுதினாள். இணைப்பு வரும்வரை, யாராவது வராவிட்டால் டயாலிசிஸ் டெக்னீஷியன் வார்டுக்கு போன் செய்வதென்று ஏற்பாடு.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "எனக்காகக் கத்த நீயாவது இருக்கியே."

சில வாரங்கள் கழித்து அவருக்குக் கடும் காய்ச்சல். பொது வார்டில் சேர்த்தார்கள். காலை டயாலிசிஸை மதியத்துக்கு மாற்றியிருப்பதாக வார்டில் சொன்னதும், நம்பித் தன் இருக்கைக்குத் திரும்பினாள். மதியமும் கூட்டிப் போக யாரும் வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது; விதிவிலக்கால் மணி அடிக்கவில்லை. டெக்னீஷியன் போன் செய்து பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு மாடியேறி ஓடினார். அதற்குள் இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கியிருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பின் பாதி மாடிப்படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று.

கண் விழித்த அன்று கேட்டார்: "அந்த மணியைத் திரும்பப் போட்டுடுவே இல்ல?"

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லைங்க. இப்போ மணி அடிச்சா நர்ஸுங்க ஓடி வராங்க. பழையபடி ஆக்கினா வேற யாராவது போயிடுவாங்க. இணைப்பை முடிக்கிறேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த கூட்டத்தில் இணைப்பைத் தவிர வேறு எதையும் அவள் பேசவிடவில்லை. தலைமை நர்ஸும் தன் கோரிக்கைகளைத் தள்ளிவைத்தார். இரண்டு மென்பொருளும் ஒருவழியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. தவற விட்டவர்களுக்கு இப்போது மணி அடிக்கிறது.

வீட்டில்தான் பேச்சு குறைந்துபோயிற்று. அவரை டயாலிசிஸுக்கு அவளேதான் கூட்டிப் போகிறாள். ஊசி ஏறி, ரத்தம் குழாயில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வேலைக்குப் போகிறாள்.