பேச்சித்தாய் அள்ளிப் போட்ட புழு

ஐந்தருவி சாலையில் இருக்கிற என் நர்சரியில் பேச்சித்தாய்க்கு இது பன்னிரண்டாவது வருடம். நடவு வயலில் வளர்ந்த கை, எந்தக் கன்றை வைத்தாலும் துளிர்க்கும். வெளியூர் போகிற ஒவ்வொரு கன்றுப் பையிலும் பலாமரத்தடி மண்ணை மண்புழுவோடு ஒரு கை அள்ளிப் போடுவாள். "பொறந்த வீட்டுச் சீரு" என்பாள்.

அந்தச் சீர்தான் போன சாரல் சீசனில் எங்கள் மானத்தை வாங்கப் பார்த்தது.

எங்கள் வாடிக்கையாளர் முகம்மது சலீம் இருப்பது பாம்பு என்பதே இல்லாத, மலையாளம் பேசுகிற ஒரு சின்னத் தீவில். நாற்பது வீட்டுக்குச் சேர்த்து நாற்பது எலுமிச்சங்கன்று வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். கரையில் இறக்கும்போது ஒரு பையிலிருந்து பாம்பு நெளிந்து வந்திருக்கிறது. வீடியோவில் காட்டினார். புழுப்பாம்பு! பார்வைக்கு மண்புழுதான். விஷமில்லை, ஆனால் ஒன்று தங்கினாலும் ஜோடியில்லாமலே முட்டையிட்டுத் தீவு முழுக்கப் பெருகிவிடும். எல்லாக் கன்றையும் கடலில் எறியச் சொல்லி ஊரே அவரைச் சுற்றி நின்றது. மனுசன் அழாத குறை.

நானோ வாய் கூசாமல், "எங்க மண்ணுல பாம்பே கெடையாதுங்க, கப்பல்ல ஏறியிருக்கும்" என்று கத்தினேன்.

பேச்சித்தாய் போனைப் பிடுங்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, நாந்தான் போட்டேன். புழுன்னு நெனச்சு இதையும் சேத்து அள்ளிட்டேன். கன்ன எறிஞ்சிராதிய. ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே அவளை வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் சாரலில் நனைந்துகொண்டே, வீடியோவில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பையாகத் தண்ணீரில் முக்கச் சொன்னாள். மூச்சு முட்டி இன்னும் ஐந்து பாம்பு மேலே வந்தன. வேரைக் கழுவி அந்த ஊர் மண்ணிலேயே நடவைத்தாள். கழுவிய மண்ணிலும் பை இறக்கிய இடத்திலும் கொதிநீர் ஊற்றவைத்தாள்.

நேற்று சலீம் கூப்பிட்டார். பத்து மாதமாக ஒரு பாம்பும் கண்ணில் படவில்லையாம். முப்பத்தேழு கன்று பிழைத்துவிட்டதாம். இன்னும் நூறு வேண்டுமாம்.

"உங்க பேச்ச நம்பி வீடு வீடா கொடுத்திருந்தா அந்த அஞ்சும் எங்க ஊர்ல எறங்கியிருக்கும். சேச்சிகிட்ட போனக் கொடுங்க" என்றார்.

சுருக்கென்று தைத்தது. போனை அவளிடம் நீட்டினேன்.

அவள் பேசி முடித்ததும் நன்றி சொல்லத் தொண்டை வரை வந்தது. பாழாய்ப்போன வாய்க்குப் பழக்கமில்லை. "ஏட்டி, டீ குடிச்சியா?" என்றேன்.

சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பன்னெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் கேக்கிய, மொதலாளி."

நானே போய் வாங்கி வந்தேன்.