தபசு மரத்தின் மேல் என் மகன்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் மகன் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நேரம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. ஆலைச் சங்கு மூன்றுக்கு ஊதியது. அது ஓய்ந்த பிறகுதான் கடைசிப் பாட்டை எடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

அவன் அப்போது தபசு மரத்தின் உச்சியில் இருந்தான். எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் மற்ற கூத்தெல்லாம் இரவில் நடக்கும். தபசு மட்டும் பகலில். காட்டில் வாழும் ஒரு வீரன் சிவனிடம் ஆயுதம் கேட்டுத் தவம் செய்ய மலையேறுகிறான் என்பது கதை. மலைக்குப் பதிலாக ஒரு பனையை வெட்டி, அதன் தலையில் சவுக்குக் கழியை வைத்துக் கட்டி, திடலின் நடுவில் நட்டிருப்பார்கள். ஏறுவதற்கு இரண்டு பக்கமும் கட்டைகள் அறைந்திருக்கும். பனையும் கழியும் சேரும் இடத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பலகை. வேஷம் கட்டியவர் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே போய்க் கடைசிப் பாட்டை முடித்ததும் மடியிலிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி முந்தானை ஏந்தி உட்கார்ந்திருப்பார்கள். பழம் விழுந்தால் அடுத்த திருவிழாவுக்குக் கையில் குழந்தை இருக்கும் என்பது நம்பிக்கை. அதற்குப் பிறகு வேடன் வருவான். காட்டுப் பன்றியை அடித்தது நீயா நானா என்று இருவருக்கும் வாய்ச்சண்டை மூளும். வீரன் கோபத்தில் இறங்கி வருவான். வேடனாக வந்தது சிவன்தான் என்பது சண்டைக்குப் பிறகு தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கைக்குழந்தையாக இருந்த இவனோடு, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தேன். அப்போதெல்லாம் தபசு ஏற ஆள் தேட வேண்டியதில்லை. கூத்தில் வேஷம் கட்டுகிறவர்களுக்கு முதல் நாளே மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிவிடுவார்கள். தீமிதி முடிந்து காப்பை அவிழ்க்கும் வரை அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்பு இல்லாதவர் தபசு மரத்தைத் தொடக் கூடாது. வயலில் கூலி வேலை செய்த காலத்தில் இது யாருக்கும் சிரமமாக இல்லை. வயல் எல்லைக்குள்தான் இருந்தது. எழுபதுகளில் நெடுஞ்சாலை ஓரமாக ஆலைகள் வந்தன. ஆண்கள் கும்மிடிப்பூண்டிக்கு சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார்கள். திருவிழா முழுக்க ஊருக்குள் அடைந்து கிடக்க எந்த ஆலை லீவு கொடுக்கும்?

நான் சொல்லும் ஆண்டில் என் மகன் வேலை பழகிக்கொண்டிருந்த வார்ப்படத் தொழிற்சாலையில் கதவடைப்பு. வீட்டில் சும்மா இருந்தான். குரல் நன்றாக இருக்கும். கூத்தைச் சொல்லிக்கொடுத்து ஆர்மோனியத்தோடு நடத்துபவரை நாங்கள் வாத்தியார் என்போம். அவர் வந்து கேட்டார், இவன் சரி என்றான். என் கணவர் ரயில்வேயில் பாரம் தூக்கும் கலாசி. "நம்ம வம்சத்துல எவனும் ஏணி கூட ஏறினதில்ல. உனக்கு இன்னாத்துக்குடா?" என்று கேட்டார். "பாட்டு கீதே நைனா" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காப்பு கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு. தபசன்று தண்ணீர் மட்டும்.

பழம் விழாதபோது முதலில் யாரும் கவலைப்படவில்லை. வாத்தியார் கடைசிப் பாட்டை மறுபடி எடுத்தார். மேலிருந்து குரல் சேரவில்லை. அவன் இரண்டு கைகளாலும் சவுக்குக் கழியை அணைத்து நெற்றியை அதில் வைத்திருந்தான். கடற்காற்றில் கழி மெல்ல ஆடியது. அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. கீழே ஒருத்தி, சாமி வந்துவிட்டது என்று கை கூப்பினாள். திடல் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. கற்பூரம் கொளுத்தினார்கள். மேளத்தை வேகப்படுத்தினார்கள். இதுவரை ஏறியவர்கள் எல்லாம் பழத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், இவன்தான் மெய்யாகவே தவம் இருக்கிறான் என்றார்கள். அவன் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தானோ அவ்வளவுக்கு அவ்வளவு கும்பிட்டார்கள்.

எனக்கு அவன் காலில் கட்டியிருந்த சலங்கை கேட்டது. அது மேளத்தோடு சேரவில்லை. விடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. முழங்கால் நடுங்கினால்தான் சலங்கை அப்படி ஒலிக்கும்.

பக்கத்தில் ஈரப் புடவையோடு இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்து சில வருடங்கள் ஆனவள். "டீச்சரம்மா, உன் புள்ளைய பழத்த போட சொல்லும்மா. காலைலேர்ந்து ஈரத்துல குந்திக்கினு கீறேன்" என்றாள். அவன் பயத்தில் இருக்கிறான் என்று அவளிடம் சொன்னேன். "சாமிக்கு இன்னா பயம்?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கு வேறு எதுவும் நினைக்க முடிந்திருக்காது.

நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதல் கட்டையில் கால் வைத்தார். இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். காப்பில்லாமல் ஏறினால் மேலே இருப்பவனுக்குத்தான் ஆகாது என்று கோயில் தர்மகர்த்தா தடுத்தார். வாத்தியார் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து வந்து, மெதுவாக வேறொரு காரணம் சொன்னார். "காப்ப உடு. பனையும் கழியும் சேர்ற கட்டு ரெண்டு பேர தாங்காது. நீ ஏறி ஆட்டினன்னா அவன் கைய உட்டுடுவான்." என் கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு நாடகத்தின் தோற்றம் பற்றி ஒரு பாடம் இருந்தது. கிரேக்க நாட்டில் மதுக் கடவுளின் திருவிழாவில் கூட்டமாகப் பாடி ஆடினார்கள். ஒருநாள் ஒருவர் அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நின்று பாட்டுக்குப் பதில் சொன்னார். அப்படித்தான் நாடகம் பிறந்தது. பிறகு இரண்டாவது நடிகர் வந்தார், மூன்றாவது நடிகர் வந்தார், துன்பியல் நாடகம் வளர்ந்தது. அதைப் பார்ப்பவர்கள் இரக்கமும் அச்சமும் கொண்டு, மனம் லேசாகி வீடு திரும்புவார்கள். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பார்ப்பவர்களைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். திடலில் அன்று பலர் கண்ணில் நீர் வந்தது, அவர்கள் முகம் தெளிவாகவும் இருந்தது. வேஷம் கட்டியவனின் தாயைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் நாடகம் வளர்ந்துதான் இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டு விழாவுக்கு மேடை போட்டு, சீரியல் பல்பு மாட்டி, சமூக நாடகம் போட்டார்கள். ஒரு முறை தகப்பனாக நடித்தவருக்கு வசனம் மறந்துபோயிற்று. சட்டென்று திரையை இறக்கிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். மறுபடி திரை ஏறியபோது அவர் வசனத்தைப் படித்துக்கொண்டு வந்து நின்றார். தபசு மரத்துக்குத் திரை கிடையாது. ஈரப் புடவையோடு உட்கார்ந்திருப்பவளும் கூத்துக்குள்தான் இருக்கிறாள். கூத்து இங்கே முடிந்துவிட்டது, இனி நடப்பது விபத்து என்று சொல்லும் இடத்தில் அங்கே யாரும் இல்லை.

வாத்தியாரிடம் போய், இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். ஏறுவதற்குக் கட்டைக்கு ஒரு பாட்டு இருக்கிறது, இறங்குவதற்குப் பாட்டு கிடையாது என்றார். வேடன் வந்து திட்டினால் பதில் சொல்லிக்கொண்டே இறங்குவது வழக்கம். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். சொல்லிவிட்டு அவரே வேடன் குரலில் இரண்டு வரி சொல்லிப் பார்த்தார். முதல் கட்டையிலிருந்து அதுவரை கூடப் பாடிய குரல் அது, அவனுக்கு வேடனாகக் கேட்டிருக்காது. மேலே ஓர் அசைவும் இல்லை.

வேடன் எங்கே என்று அப்போதுதான் எல்லோரும் கேட்டார்கள்.

வேடன் வேஷம் கட்டியிருந்தவர் எங்கள் தெருவில் இருந்த லாரி டிரைவர். அவர் வழக்கமாக ஓட்டும் வண்டியை வேறொருவர் எடுத்துப்போய், அது எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசை நடுவே நின்றுவிட்டதாம். அதை அவரைத் தவிர யாராலும் கிளப்ப முடியாது என்று ஓனர் காலையில் ஆள் அனுப்பியிருக்கிறார். போகாவிட்டால் வேலை போய்விடும். காப்பின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார், தபசுக்குள் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இதை அவர் வீட்டில்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். எல்லை தாண்டிய காப்பு செத்த காப்பு, இனி அவன் திடலுக்குள் வரக் கூடாது என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். ஆனாலும் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போனார். போகச் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் காத்திருப்பில் ஒன்றுதான் நடந்தது. அவன் தலையிலிருந்த அட்டைக் கிரீடம் கழன்று விழுந்தது. கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மின்ன, சுற்றிச் சுற்றி வந்து தரையில் மோதியது. பெண்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது கீழே வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் மின்கம்பத்தில் யாராவது ஏறி நின்றால் நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

வெயில் சாய்ந்த பிறகு ஒரு லாரி ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்றது. அதிலிருந்து டிரைவர் குதித்து ஓடி வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, பனியன், முழங்கை வரை கிரீஸ். வில் இல்லை, வேஷம் இல்லை. திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அருகில் தர்மகர்த்தா கையை நீட்டி மறித்தார். நான் எழுந்து அவர்களிடம் போனேன். தர்மகர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

"நான் கயித்துக்குள்ள வரல பெரியவரே. இங்கியே நின்னுக்கினு கத்தறேன். அதுக்கும் குத்தமா?" என்றார் டிரைவர்.

தர்மகர்த்தா நீட்டிய கையை இறக்கினார். டிரைவர் மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. இப்போது சலங்கை எல்லோருக்கும் கேட்டது. கும்பிட்டிருந்த கைகள் சில கீழே இறங்கின. அவர் அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யார்ரா அவன் மரத்து மேல? என் பன்னிய அடிச்சவன் நீதானா?"

மேலே ஒன்றும் இல்லை.

"இன்னாடா, ஊரான் பன்னிய தூக்கிக்கினு போயி மேலயே ஊடு கட்டிக்கினியா?"

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சலங்கை நின்றது. கொஞ்சம் கழித்து, வறண்டு போன குரல் ஒன்று, வீட்டில் அடுப்படி வரை கேட்கும்படி அவன் நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய அந்தப் பதிலைச் சொன்னது. பன்னி என்னுது.

அவன் வலது கால் பலகையை விட்டு இறங்கி, கட்டையைத் தேடியது.

"அங்கேர்ந்து சொன்னா செல்லாது" என்றார் டிரைவர். அவர் குரல் வேடன் குரலாகவே இருந்தது. "எறங்கி வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லுடா. நான் எங்கியும் போவல. இங்கதான் நின்னுக்கினு கீறேன்."