ஜாஸ்லின் எழுதிய வரி மனு

ரங்கூனில் தின்கன்ஜூன் பகுதியில் குமாஸ்தாவாக இருந்த ஏசுரத்தினத்தின் ஒரே மகள் ஜாஸ்லின். 1996-ல் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வரிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று வகுப்பில் பெயர்.

சனிக்கிழமைகளில் அவளும் வகுப்புத் தோழன் நெல்சனும் ஆற்றங்கரையை ஒட்டிய போட்டாதாங் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் மேசை போட்டு உட்காருவார்கள். வரி அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தாலே கதிகலங்கிப்போகும் சின்ன வியாபாரிகள் அங்கே தேடி வருவார்கள். பைசா வாங்காமல் படித்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். ராணுவ ஆட்சியில் கூட்டம் கூடத் தடை இருந்த காலம். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்கள். மற்றவர்கள் வேறு வேலையாக வந்தவர்கள்போலத் தெருவில் நிற்பார்கள்.

ஆகஸ்டில் ஒரு மழைநாள் கனகாம்பாள் வந்தாள். படகுத்துறையில் கூடை வைத்து வேகவைத்த பட்டாணி விற்கிறவள். புருஷன் செல்லையா கயிற்றுக்கடை வைத்திருந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம். கடையும் அன்றே மூடியாயிற்று. ஆனால் அவர் பேருக்கு வரி வந்துகொண்டே இருந்தது.

"செத்தவரு எப்படி யாவாரம் பண்ணுவாரு, சயாமா?" என்று கேட்டாள். படித்த பெண்களை டீச்சர் என்பதுபோல் அங்கே சயாமா என்பார்கள்.

"அதைத்தான் எழுதப்போறேன், பெரியம்மா. இப்ப எங்க குடியிருக்கீங்க?"

கனகாம்பாள் தயங்கினாள். "கிடங்குக்குப் பின்னால, ஆத்தோரமா ஒரு குடிசையில. அதையும் போடணுமா?"

"இந்தக் கோயில் விலாசத்தையே போட்டுடேன்," என்றான் நெல்சன்.

"பொய் எழுதினா மனுவே நிக்காது," என்றாள் ஜாஸ்லின். குடிசை, கூடை, பட்டாணி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அழகான பர்மிய எழுத்தில் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல மனு என்று அவளுக்கே தோன்றியது.

ஒன்றரை மாதமாகியும் கனகாம்பாளைக் காணவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை ஜாஸ்லினே தேடிப்போனாள். கிடங்குக்குப் பின்னால் குடிசைகள் இல்லை. மூங்கில் நட்டிருந்த குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்தில் வெற்றிலை விற்ற ரத்தினம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"விலாசம் சரிதானான்னு பார்க்க ரெண்டு பேரு வந்தாங்க. அனுமதியில்லாத குடிசைன்னு மறுவாரம் லாரி வந்திச்சு. பதினோரு குடும்பம். எல்லாரையும் ஊருக்கு வெளிய ஷ்வேப்யிதாவுல கொண்டுபோய் இறக்கிட்டாங்க. கையில உங்க காகிதத்தைத்தான் வச்சிருந்தாங்க."

மறுநாளே ஜாஸ்லின் பஸ் ஏறினாள். ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலைகளைத் தாண்டி, சேறும் கோரையுமாகக் கிடந்த வெளியில், பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே கனகாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

"வரி தள்ளுபடி ஆயிடுச்சு, சயாமா. காகிதம் வந்திச்சு," என்றாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நல்லதுக்குத்தான் எழுதினே. ஆனா போடணுமான்னு நான் கேட்டேனில்ல?" என்றாள்.

ஜாஸ்லின் கொண்டுபோன அரிசியை வைத்துவிட்டு வந்தாள்.

டிசம்பரில் மாணவர் கிளர்ச்சி வெடித்துக் கல்லூரிகள் மூடப்பட்டன. இனி மேசை போட வேண்டாம் என்று பாதிரியார் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். நெல்சன் மலேசியாவுக்குப் போய்விட்டான். ஜாஸ்லின் மட்டும் வாரந்தோறும் ஷ்வேப்யிதாவுக்குப் போய்வந்தாள். அங்கே பட்டாணி வாங்க ஆளில்லை. படகுத்துறைக்கு வந்துபோகக் கனகாம்பாளின் உடம்பில் வலுவில்லை. ஏப்ரல் வெயிலில் வயிற்றுப்போக்கு கண்டு மூன்றே நாளில் அவள் போய்ச்சேர்ந்தாள். அக்கம்பக்கத்தார் அடக்கம் செய்து முடித்த பிறகுதான் ஜாஸ்லின் அங்கே வந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மனு எழுதியது அவள்தான் என்றே அங்கே பலருக்குத் தெரியாது.

கல்லூரி திறந்து அவள் பட்டம் வாங்க 2001 ஆகிவிட்டது. ஏசுரத்தினம் யார் யாரையோ பிடித்து வரி அலுவலகத்தில் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்தார். ஜாஸ்லின் மறுத்துவிட்டு, ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வருகைப் பதிவு எழுதப் போனாள்.

"படிச்ச படிப்பெல்லாம் இதுக்குத்தானா?" என்று அப்பா கத்தினார்.

அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.