நான் சொன்ன அளவு

என் மனைவி ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று மாதுங்காவில் ஒரு டாக்டர் கேட்டார். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பதில் சொன்னது நான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்த காலம். பம்பாயில் ரேஷன் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கத் தொடங்கியது. இருமினால் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா, ஆபரேஷன்தான் வழி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் பார்த்துவிட்டு, இவ்வளவு கனத்த உடம்பில் தையல் நிற்காது, நூற்றைம்பது பவுண்டுக்கு இறக்கிக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். அப்போது அவள் நூற்று எழுபத்திரண்டு. குடல் என்றைக்கு வேண்டுமானாலும் முறுக்கிக்கொள்ளலாம், முறுக்கிக்கொண்டால் பிழைப்பது கஷ்டம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையில் பயந்தது நான்தான்.

எடையைக் குறைக்கத்தான் மாதுங்கா டாக்டரிடம் போனோம். நம்மவர், சீமையில் படித்தவர். கலோரி என்ற வார்த்தையை முதன்முதலாக அவர் வாயிலிருந்துதான் கேட்டேன்.

"என்னென்ன சாப்பிடறா, எத்தனை சாப்பிடறா, ஒண்ணு விடாமச் சொல்லுங்கோ" என்றார்.

"கார்த்தாலே ரெண்டு டம்ளர் காப்பி. ஒம்பது மணிக்கு சாம்பார், ரசம், மோர்னு மூணு தரம் சாதம். சாயங்காலம் டிபன். ராத்திரி மறுபடி ரெண்டு தரம் சாதம்" என்று தயங்காமல் ஒப்பித்தேன்.

அது என்னுடைய சாப்பாடு. அவளுடையது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பாலக்காட்டுக் குடும்பங்களில் ஆண்கள், குழந்தைகள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரி உட்காருவாள், அதுவும் சமையலறையில், தனியாக. அவள் உட்காரும் நேரத்தில் நான் கோட்டைப் பகுதியில் இருந்த என் ஆபீஸுக்குப் போகும் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு கவளம் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அது தெரியாத விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரே அடுப்பு, ஒரே பானை, எனக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டர் கூட்டிப் பார்த்து இரண்டாயிரத்து இருநூறு கலோரி என்றார். அதை அடித்து, ஆயிரத்து நூறு என்று இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதினார். சீட்டை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "நீ சாப்பிடறதுலே பாதியாக் குறைக்கணுமாம். புரிஞ்சுதா?"

"சரி" என்றாள்.

ஞாயிறுதோறும் காலையில் மாதுங்கா ஸ்டேஷனுக்குப் போய் எடை மெஷினில் ஏறி நிற்பாள். காசு போட்டால் டிக்கெட் விழும். டிக்கெட்டின் பின்பக்கம் இங்கிலீஷில் ஏதாவது ஜோசியம் அச்சடித்திருக்கும். "என்ன போட்டிருக்கு?" என்று ஆசையாகக் கேட்பாள். நான் எடையை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். முதல் மாதம் ஒன்பது பவுண்டு இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் கலோரியைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

அதற்கப்புறம் நின்றுவிட்டது. நூற்று அறுபத்து மூன்று. மறு வாரமும் அதேதான்.

"கொறச்சலாச் சாப்பிட்டா ஒடம்பு அதுக்கே பழகிண்டுடும். எடை எறங்கறது நின்னுபோனா மறுபடி வெட்டணும். எண்ணூத்தம்பதுக்கு வாங்கோ" என்றார் டாக்டர்.

"இன்னும் கால் பங்கு குறைக்கணுமாம்" என்று வந்து சொன்னேன். அதற்கும் சரி என்றாள். இரண்டு வாரம் கழித்து மெஷின் நூற்று அறுபத்தைந்து என்றது. அங்கேயே, பிளாட்பாரத்திலேயே, அவளை முறைத்தேன்.

திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்று முடிவு கட்டினேன். எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ஆபீஸ் போகும் முன் அரிசி டின்னில் மட்டம் தட்டி விரலால் கோடு இழுத்துவிட்டுப் போனேன். வெல்ல டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கோடு அழியாமல் அப்படியே இருக்கும். அப்படியானால் எதிர்வீட்டு மாமி ஊட்டுகிறாள் போலிருக்கிறது என்று அங்கே போகவும் தடை போட்டேன். தாராவியில் தோல் பதனிடும் நாற்றம் மேல்காற்றில் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எதிர்வீட்டு மாமியோடு பேசிப் பொழுதைப் போக்குவாள். அதுவும் போயிற்று. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரிலேயே பார்த்துவிடுவது என்று அவள் சாப்பிடும்போது சமையலறை வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பிடி சாதம்கூட இருக்காது, மேலே நீர்மோரை ஊற்றிக்கொண்டு, நாலு வாயில் முடித்துவிட்டாள்.

"எனக்காக நடிக்காதே" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு, "நான் ஒண்ணும் நடிக்கலை" என்றாள். அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்தும் நம்பாதவனை என்ன சொல்ல? அந்த வாரம் அவள் கால் விரலில் மெட்டி சதையில் புதைந்து, சோப்புப் போட்டு இழுத்தும் வரவில்லை. "கால்லேகூடப் பெருத்துண்டு போறே" என்றேன். டாக்டர் அறுநூறு என்றார், இன்னும் குறை என்று வந்து சொன்னேன்.

ஒரு நாள் அவள் ரேஷன் கடை க்யூவில் மயங்கி விழுந்தாள். அதே பெரிய ஆஸ்பத்திரி. வார்டில் இருந்தது ஒரு மராத்தி லேடி டாக்டர். அவள் என் மனைவியின் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். விரல் பதிந்த குழி குழியாகவே இருந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். நான் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து, ஆயிரத்து நூறு, எண்ணூற்றைம்பது என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். என்னைக் கையால் நிறுத்திவிட்டு அவளிடமே குனிந்து, "தும் கித்னா காதீ ஹோ?" என்று, நீ எவ்வளவு சாப்பிடுகிறாய் என்பதை ஹிந்தியில் கேட்டாள்.

என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் காய்கறி வண்டிக்காரனிடமும் ரேஷன் க்யூவிலும் அவள் ஹிந்தி கற்றுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வலது கையை மூடிக் காட்டினாள். "ஏக் முட்டி." பிறகு யோசித்து, இரண்டு விரலை நீட்டி, "பெஹ்லே தோ முட்டி" என்றாள்.

முன்பு வேளைக்கு இரண்டு பிடி. பாதியாக்கு என்றேன், ஒரு பிடியாக்கினாள். பிறகு அந்த ஒரு பிடியிலும் கால் பங்கைக் குறைத்தாள், அறுநூறு வந்ததும் அதிலும் குறைத்தாள்.

"ரேஷன்லே வரது உங்களுக்கும் கொழந்தைகளுக்குமே பத்தறதில்லையே" என்று என்னிடம் தமிழில் சொன்னாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

லேடி டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினாள். இது கொழுப்பு இல்லை, நீர். பட்டினி கிடக்கும் உடம்பில் கோக்கும் நீர். மெஷின் எடை போட்டது அதைத்தான். வெட்ட வெட்ட நீர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. என் சுபாவம், அவமானமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஏண்டி, அன்னிக்கே டாக்டர்கிட்டே சொல்றதுக்கென்ன?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"நீங்க சொல்லிண்டிருந்தேளே" என்றாள்.

வீட்டுக்கு அழைத்து வந்து, சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்ச ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் அவள் சாப்பிட மாட்டாள். அதனால் நான் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு அவளுக்குப் பரிமாற உட்காருவேன். பால், பிளாக்கில் எங்கெங்கோ அலைந்து வாங்கிய நல்ல அரிசி, எல்லாம் வைத்தேன். அவள் வயிறு அதற்குள் சாப்பிடவே மறந்துபோயிருந்தது. இரண்டாவது பிடிக்கே கையை உதறுவாள். ஆனால் கொஞ்சம் உள்ளே போனதும் நீர் மட்டும் மளமளவென்று வடிந்தது. மெட்டி தானாகக் கழன்று விழுந்தது. அடுத்த மாதம் ஸ்டேஷன் மெஷின் நூற்று முப்பத்தெட்டு என்றது.

"அவா சொன்னதுக்கும் கீழேயே வந்துடுத்து, பாத்தேளா! இனிமே ஆபரேஷன் பண்ணிடுவா இல்லையா?" என்றாள். அத்தனை சந்தோஷமாக அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தை அன்று முதல் தடவையாகப் படித்துச் சொன்னேன். ஏதோ தூர தேசப் பயணம் என்று போட்டிருந்தது.

சர்ஜன் அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை, இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது, ஆறு மாதம் நன்றாகச் சாப்பாடு போட்டுத் தேற்றிக் கொண்டு வா என்றார். ஆறு மாதம் கிடைக்கவில்லை. மழை பிடித்த மூன்றாவது வாரம் குடல் முறுக்கிக்கொண்டது. இரண்டு நாள்.

பத்தாம் நாள் காரியத்துக்குச் சமையல்காரர் வந்தார். போனவர்களுக்குப் பிடித்ததைச் செய்து படைப்பது எங்கள் வழக்கம். கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் மூன்றும் சுவரோரமாக நின்றன.

"மாமிக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னு சொல்லுங்கோ, பண்ணிடறேன்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சேனை எரிசேரி, அடைப்பிரதமன் என்று சொன்னேன். இரண்டும் எனக்குப் பிடித்தவை.