அரைவாசியில் நின்ற முள்

பழைய பஸ் ஒன்றைக் குசினியும் கட்டிலும் வைத்து வீடாக்கி, ஊர் ஊராகப் புடவை விற்கிறோம். பாத்திரம் கழுவிய தண்ணீர் பஸ்ஸின் அடியிலுள்ள தாங்கியில் சேரும். முன்பு குச்சி விட்டு அளப்போம். போன வருடம் என் கணவர் குச்சியை எறிந்துவிட்டு, உடைந்த காரில் பெற்றோல் அளவு காட்டிய மிதவையையும் முள்ளையும் தாங்கிக்குப் பூட்டினார்.

சம்பூரில் ஒரு கலியாண வீட்டுக்குக் கூறைப்புடவை கொண்டுபோன அன்று, கழுவும் மூலையில் தண்ணீர் இறங்கவில்லை.

“தாங்கி நிரம்பிட்டுப் போல,” என்றேன்.

“முள் அரைவாசியிலதானே நிக்கிது. நீ கழுவு புள்ள.”

கழுவினேன். அழுக்குத் தண்ணீர் பொங்கிக் கட்டிலின் கீழே ஓடியது. கூறை வைத்த இடம் அதுதான். நல்ல காலம், மணமகளின் தாய் நிறம் பார்க்க அதை வெயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்.

தாங்கியைத் திறந்தால், தேங்காய்ப்பால் பிசுக்கும் சோறு வடித்த கஞ்சியும் திரண்டு மிதவையைப் பிடித்து வைத்திருந்தன. தேங்காய்ப்பால் இல்லாமல் எங்களுக்குக் கறி ஏது? பெற்றோலில் மிதந்ததற்கு அது எப்படித் தெரியும்?

இப்போது கஞ்சியை வெளியே ஊற்றுகிறேன். கழுவ உட்காருமுன், கடையில் தேங்காயைத் தட்டுவதுபோல் தாங்கியைத் தட்டிச் சத்தம் கேட்கிறேன். அவர் இன்னும் முள்ளைத்தான் தினமும் துடைக்கிறார். நேற்றுத் துடைத்து முடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“தட்டிப் பார்த்தியா, புள்ள?”

– ஒரு வாசகி, குறிஞ்சாக்கேணி