சாவியக்காவும் கேட் மாமாவும்

சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்ட புருஷன் பெண்டாட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். ஒரு சண்டையும் இல்லாமல், ஒரே வளாகத்துக்குள், விளையாட்டுத் திடலின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர்கள் சாவியக்காவும் அவள் கணவரும்.

அவள் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் மேட்ரன். இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அவள் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். அதனால் சாவியக்கா. அவர் ஆண்கள் விடுதியில் கேர்டேக்கர். பல்பு போனாலும், பைப் ஒழுகினாலும், யாருக்காவது காய்ச்சல் கண்டாலும் பையன்கள் "மாமா" என்று குரல் கொடுப்பார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு வளாகம் முழுவதற்குமே அவர் மாமாவாகிவிட்டார்.

பாடம் நடக்கும் மாதங்களில் மேட்ரன் விடுதியிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். கிரில் கதவுக்கு உள்ளே எந்த ஆணும் வரக்கூடாது. மேட்ரனின் புருஷனாக இருந்தாலும் ஆண் ஆண்தான். கேர்டேக்கரும் அதே மாதிரி தன் விடுதியை விட்டு நகர முடியாது. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. "கொஞ்ச நாள் சமாளிப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அவர். அந்த அப்புறம் வரவே இல்லை. மகள் பிறந்து, விடுதிப் பெண்களின் இடுப்பிலேயே வளர்ந்து, படித்து முடித்து, வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆனால் மாமா தலையை வாரிக்கொண்டு திடலைக் குறுக்காகக் கடந்து வருவார். பார்வையாளர் அறையில் மற்ற அப்பாக்களோடும் அண்ணன்களோடும் உட்கார்ந்திருப்பார். சாவியக்கா டீ கொண்டுவந்து கொடுப்பாள். மகளுக்கு அன்றைக்கு என்ன குறும்பு, யார் போன் பண்ணினார்கள், கொடியில் காயும் சட்டைக்கு எப்போது பட்டன் தைப்பது என்று பேசிவிட்டு எழுந்து போவார். ஒரு வருஷம், புதிதாக வந்த முதலாண்டுப் பெண் ஒருத்தி வார்டனிடமே போய், "மேடம், மேட்ரனைப் பார்க்க தினமும் ஒருத்தர் வர்றாரு. அவங்க ரொம்பச் சிரிச்சுப் பேசறாங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பாவம்" என்று சொல்லிவிட்டாள். வார்டன் ஒரு வேதியியல் பேராசிரியை, சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வருஷத்தில் கோடை விடுமுறை மட்டும்தான் அவர்களுடையது. தேர்வு முடிந்து கடைசிப் பெண்ணும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனதும், ஆண்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸைத் திறந்து, ஒட்டடை அடித்து, அடுப்பைப் பற்றவைப்பாள். மாணவர்களுக்கு விடுமுறையே தவிர அவர்களுக்கு அல்ல. பகலெல்லாம் தலைக்கு மேல் வேலை. அறை அறையாகப் பினாயில் விட்டுக் கழுவ வேண்டும். கட்டில்களுக்கு மூட்டைப்பூச்சி மருந்து அடிக்க வேண்டும். துருப்பிடித்த பூட்டுகளுக்கு எண்ணெய் விட வேண்டும். போனவர்கள் விட்டுப்போன ஒற்றைச் செருப்புகள், பல்லுடைந்த சீப்புகள், கைப்பிடி இல்லாத வாளிகள், கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள் என்று எல்லாவற்றையும் அள்ள வேண்டும். பெயின்ட்காரர்களோ, மேஸ்திரி ஒரு கலர் சொன்னால் வேறொரு கலரை அடித்து வைப்பார்கள். ஆனாலும் சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் ஒரே வாசலுக்குள் நுழைந்து ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அல்லது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷக் கோடையில் புது ஆண்டு தொடங்க இன்னும் கொஞ்ச நாளே பாக்கி. மெத்தைகளையெல்லாம் மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தாள். மத்தியானம் வரை கண் கூசுகிற வெயில். திடீரென்று மேகம் கவிந்து, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. மேலே அவளும் கூட்டிப் பெருக்குகிற ஒரு அம்மாவும் மட்டும். மெத்தை நனைந்தால் ஒரு வாரத்துக்கு நாறும். சாவியக்கா கைப்பிடிச் சுவர் ஓரம் ஓடி, திடலுக்கு அந்தப் பக்கம் வாசலில் நின்றிருந்த மாமாவைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க, ஓடி வாங்க. மெத்தையெல்லாம் போச்சு."

விடுமுறையில் பகல் வேளையில் ஆண்கள் வேலைக்காக உள்ளே வரலாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டிரண்டு மெத்தையாகத் தலையில் தூக்கிக்கொண்டு படியில் ஏறி இறங்கினார். அநேகமாக எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கடைசி நடையில் மெத்தை கண்ணை மறைக்க, ஈரப் படியில் கால் வழுக்கி, ஒரு திருப்பம் முழுக்க உருண்டு கீழே வந்து விழுந்தார். மெத்தை அவருக்கு மேலே விழுந்தது. அவள் மெத்தையை இழுத்துப் போட்டுப் பார்த்தபோது வலது கால் போகாத பக்கம் போயிருந்தது.

"மெத்தை நனையலையே?" என்றார்.

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஒன்றரை மாதத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஒன்றரை மாதம். அதற்குள் விடுதி திறந்துவிடும், அவள் கிரில் கதவுக்கு உள்ளே போய்விடுவாள். இவருக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, யார் குளிக்க வைப்பது?

சேதி கேட்டு நாத்தனார் வந்து நின்றாள். நல்லவள்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, நீங்க வேலையைப் பாருங்க. அண்ணனை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல ஆள் இருக்கு, டிவி இருக்கு, கீழ்த்தளம் வேற. இங்க இந்தப் புறாக்கூண்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

சாவியக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அவ சொல்றதும் சரிதான்" என்றார். "உனக்கு எதுக்குத் தொந்தரவு?"

தொந்தரவு என்ற அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவருடைய நாலு வேட்டியையும் சட்டையையும் மடித்துப் பையில் வைத்தாள்.

அவர் போன பிறகு வேலையில் மனசு ஒட்டவில்லை. மூன்றாம் மாடிக்குப் போக நினைத்து மொட்டை மாடியில் போய் நின்றாள். கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு விடுதி முழுக்கத் தேடினாள். பெயின்ட்காரர்கள் வராந்தாவுக்குப் பச்சை அடித்துவிட்டு, திட்டு விழும் என்று பயந்துகொண்டு நின்றார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். சாயங்காலம் வழக்கம்போல இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிட்டு, ஒன்றைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்தாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு நாள் காலையில் முடிவு செய்தாள். வார்டனைப் பார்க்கக் கிளம்பியவள் வெளிக்கேட்டருகே நின்றாள். அங்கே காவல்காரருக்கென்று ஒரு அறை உண்டு. கட்டில், ஒரு சின்னக் குளியலறை, ரோட்டைப் பார்த்த கதவு. கிரில் கதவு அதற்கு உள்பக்கம் இருந்தது. அந்த அறை விடுதியைச் சேர்ந்தது, ஆனால் விடுதிக்கு வெளியே. தினமும் கடந்து போகிற அறை. அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தாள். அங்கே இருந்த காவல்காரன் வாட்டசாட்டமான இளவட்டம். பெண்கள் கேலி செய்கிறார்கள், ஆண்கள் விடுதிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

வார்டன் முழுசாகக் கேட்டார்.

"கால் உடைஞ்சவரைக் காவலுக்குப் போடச் சொல்றீங்க."

"கேட்டுல உக்காந்து யாரு என்னன்னு கேக்கறதுக்குக் கால் எதுக்கு மேடம்? வாய் போதும். அது அவருக்கு நிறையவே இருக்கு."

"யாராவது சுவர் ஏறிக் குதிச்சா?"

"இப்ப இருக்கிறவன் மட்டும் ஓடிப் புடிச்சானா? போன வருஷம் பூனைக்குப் பயந்து என்னைத்தான் கூப்பிட்டான்."

வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். முறை என்று ஒன்று இருக்கிறது என்றார். சாவியக்கா நகரவில்லை. அங்கே கணவர் நிஜமாகவே ஒற்றைக் காலில் நிற்க, இங்கே இவள் வேறு விதமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

"மேடம், இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. பொண்ணு பொறந்தப்பக் கூட லீவு முடியறதுக்கு முன்னாடி வந்துட்டேன். இதுக்கு முடியாதுன்னா சொல்லிடுங்க. நான் அவரு கூடப் போயிடறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தானோ என்னவோ வார்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க, ரெண்டு பேரும் போய்க் கேட்போம்" என்றார். ஆபீஸில் முகத்தைச் சுளித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்று கடைசியில் சம்மதித்தார்கள். இளவட்டக் காவல்காரன் சந்தோஷத்தில் அன்றைக்கே பெட்டி படுக்கையோடு ஆண்கள் விடுதிக்கு மாறிவிட்டான்.

நாத்தனார் வீட்டுக்குச் சாவியக்கா ஆட்டோவில் போய் இறங்கியபோது, மாமா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. விஷயத்தைச் சொன்னாள். அவர் சந்தோஷப்படுவார் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

"வேண்டாம். புதுசா வர்ற பொண்ணுங்களும் அவங்க அப்பா அம்மாவும் பாக்கற மாதிரி நொண்டிக்கிட்டு வாசல்ல உக்காரணுமா? பாவப்பட்டு வேலை குடுத்த மாதிரி இருக்கும். இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல."

"அண்ணனே சொல்றாரு இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார் சமையலறையிலிருந்து.

சாவியக்கா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் குறை இருக்குன்னு நான் வரல" என்றாள். "எனக்கு இருக்கு. சாயங்காலம் ஆனா யார்கிட்டப் பேசறதுன்னு தெரியல. இத்தனை வருஷமா நீங்க நடந்து வந்தீங்க. நான் டீ குடுத்தேன். மெத்தைக்குக் கூப்பிட்டதைத் தவிர நான் ஒரு நாளும் வாங்கன்னு கூப்பிட்டதில்ல. நீங்களா வந்தீங்க. இப்பக் கூப்பிடறேன். உங்களுக்காக இல்ல, எனக்காக வாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாமா கொஞ்ச நேரம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அதில் எழுதியிருப்பதைப் படிக்கிறவர் மாதிரி.

"தங்கச்சி, என் பை எங்க இருக்கு?"

நாத்தனார்தான் ஆட்டோ வரை தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இவ்வளவு நாளும் நீங்க ரெண்டு பேரும் வேலைக்காகத்தான் பேசிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்று அண்ணியின் காதில் சொன்னாள்.

விடுதி திறந்த அன்று வாசலில் எள் போட்டால் எள் விழாது. பெட்டிகள், வாளிகள், சுருட்டிய பாய்கள், மகளை விட்டு நகராத அம்மாக்கள், எதையோ மறந்துவிட்டதாகப் பாசாங்கு செய்துகொண்டு திரும்பத் திரும்ப வருகிற அப்பாக்கள். மாமா கேட்டருகே நாற்காலியில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். முதலில் கூச்சமாகத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில், பெட்டியை எங்கே வைக்க வேண்டும், ஆட்டோ எங்கே நிற்க வேண்டும் என்று நாற்காலியிலிருந்தே ராஜ்ஜியம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மகள் உள்ளே போன பிறகும் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. சாவியக்கா பதமாகச் சொல்லிப் பார்த்தாள், நகரவில்லை. மாமா பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க சார். உள்ள விட மாட்டாங்க. நானும் கல்யாணமான நாள்ல இருந்து இந்தக் கதவுக்கு வெளியதான் இருக்கேன்."

"உங்க பொண்ணும் இங்க படிச்சாளா?"

"பொண்டாட்டி" என்றார் மாமா. "இன்னும் வெளிய விடல."

அந்த மனிதர் புரியாமல் விழித்து, சாவிக்கொத்தோடு நின்றவளைப் பார்த்து, புரிந்துகொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்தார். டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

கட்டுப் பிரித்த பிறகும் மாமாவின் நடையில் ஒரு தாங்கல் தங்கிவிட்டது. ஆண்கள் விடுதியின் மாடிப்படிகளை இனி ஏற முடியாது என்று டாக்டர் சொன்னார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்று சொன்ன ஆபீஸ் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை, வார்டனும் ஞாபகப்படுத்தவில்லை. சாவியக்காவின் அறை ஜன்னலுக்கும் கேட் அறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நந்தியாவட்டைச் செடி மட்டும். காலையில் அவர் இருமுகிற சத்தத்தில் அவள் விழிப்பாள்.

முதல் பெரிய சண்டை அந்த வருஷம்தான் வந்தது. அவர் ரேடியோவை அலற விட்டிருந்தார், தேர்வு நேரத்தில் பெண்கள் படிக்க வேண்டாமா என்று அவள் கத்தினாள், என் அறையில் நான் கேட்கிறேன் என்று அவரும் கத்தினார். விடுமுறையில் மட்டும் சேர்ந்து இருந்த நாட்களில் சண்டைக்கு நேரத்தை வீணாக்க இரண்டு பேருக்குமே மனசு வந்ததில்லை. இப்போது தாராளமாக நேரம் இருந்தது. பேச்சு வார்த்தை நின்றது. "மாமா, டீ வேணுமான்னு அக்கா கேக்கறாங்க", "அக்கா, வேணாம்னு மாமா சொல்றாரு" என்று பெண்கள் நடுவில் ஓடி ஓடி அலுத்துப்போனார்கள்.

"நீங்களே போய்ச் சமாதானமாகிடுங்களேன் அக்கா" என்றாள் ஒருத்தி.

"என்ன அவசரம்?" என்றாள் சாவியக்கா. "எங்க போயிடப் போறாரு?"