முன்னால் சாய்ந்த பலகை

வாசிதி பிறந்தது 1966 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள டவுனில். வுனிவெசி கிராமத்துக்கு அவள் மருமகளாக வந்தது 1990-இல். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வாழ வந்த பெண்ணுக்கு எங்கள் ஊர்க்கூட்டத்தில் பேச்சு கிடையாது. டீ கொண்டுவரலாம், பாய் விரிக்கலாம், வாசற்படியில் உட்கார்ந்து கேட்கலாம். வாய் திறக்கக்கூடாது. 2017 மார்ச் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை நடந்த கூட்டத்தில் அவள் பேசினாளா இல்லையா என்று இன்றும் ஊரில் சச்சரவு இருக்கிறது. நான் அங்கே இருந்தவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

அதற்கு முன் அவளுடைய தொழிலைச் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் டவுனில் இருந்த ஒரே சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தாள். அடுத்த வருடம் படம் ஓட்டுகிறவர் ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்தார். அவருக்குப் பதிலாக இரண்டு வாரம் மட்டும் என்று மேலே அறைக்குள் போனவள், பதினான்கு வருடம் அங்கேயே இருந்தாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு கோளாறு. படம் ஓட்டும் அறை மிக உயரத்தில் இருந்தது. வெளிச்சம் சரிந்து இறங்கியதால் திரையில் படம் கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் விழும். கதாநாயகிக்குத் தலை சிறுத்திருக்கும், கால் யானைக்கால் போல இருக்கும். முதலாளி ஹர்கோவிந்த் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தைத்து, பிதுங்கிய ஓரங்களை மறைத்து வைத்திருந்தார். துணி போட்டால் ஓரம் மறையும், கால் மெலியுமா என்று வாசிதி கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது. அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை. ஒரு தச்சரைக் கூட்டிப்போய், திரைச் சட்டத்தின் திருகாணிகளைத் தளர்த்தி, மேல்விளிம்பைப் பின்னால் ஒரு முழம் சாய்த்துவிட்டாள். சனிக்கிழமை காலை முதலாளி வந்து பார்த்துவிட்டு அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். பகல் காட்சி முடிந்து வெளியே வந்த சனங்கள் புதுத் திரையா என்று அவரைக் கேட்டார்கள். திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். அவரும் மேலறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

“வெளிச்சமும் பலகையும் நேருக்கு நேர் பாக்கணும் மாமா. மெஷின் எறங்கலேன்னா பலகைதான் சாயணும்,” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

என்னை அவள் மாமா என்று அழைப்பாள். நானும் இதே ஊர்தான், வீடு மட்டும் ஆற்றுக்கு அக்கரையில். நீர்மட்டம் குறிக்கும் அரசு வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து 2014-இல் ஓய்வு பெற்றேன்.

கொட்டகை 1998-இல் மூடப்பட்டது. வாசிதி ஆற்றில் இறங்கிச் சிப்பி எடுக்க ஆரம்பித்தாள். எங்கள் ஆற்றில் ஒரே இடத்தில்தான் சிப்பி நன்றாகக் கிடைக்கும். ஊர்த்துறைக்குச் சற்று மேலே, சிப்பி மடு என்று பெயர். ஊரிலுள்ள பெண்களில் பதினெட்டுப் பேருக்கு அதுதான் பிழைப்பு. சனிக்கிழமை டவுன் சந்தையில் குவியல் குவியலாக வைத்து விற்பார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட புரொஜெக்டரை வாங்கி, இரண்டு ஒட்டுப்பலகைகளைக் கீல் போட்டு இணைத்து, பளபளப்பில்லாத வெள்ளை அடித்து, தேவாலயம், பள்ளிக்கூடம் என்று படம் காட்டவும் போனாள்.

இனி கூட்டம். ஆற்றில் சரளைக்கல் தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ராத்து என்ற பட்டத்தால் நாங்கள் அழைக்கும் ஊர்த்தலைவர் வில்லியாமே பிப்ரவரியிலேயே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்: தோண்டும் எல்லை மடுவிலிருந்து முந்நூறு மீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கலங்கல் வந்து மடு தூர்ந்துவிடும், சிப்பி மூச்சடைத்துச் சாகும். கம்பெனி ஆள் கலியோவா அன்று கம்ப்யூட்டரில் வரைபடத்தோடு வந்தார். காகிதத்தில் கொண்டுவரவில்லை. ஆற்றின் அளவுகள் தெரிந்தவன் என்று ராத்து என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

எங்கள் கூடத்தில் எல்லோரும் பாயில்தான் உட்கார வேண்டும். ராத்து மேற்கோடியில், அவரை நோக்கி, யங்கோனா வேரை இடித்து நீரில் கரைத்துக் குடிக்கும் சடங்குக்கான நாலுகால் மரச்சட்டி கீழ்க்கோடியில். சட்டிக்கும் அவருக்கும் நடுவே யாரும் எதையும் வைக்கக்கூடாது. அவர் உட்கார்ந்தபின் எதன்மேலாவது ஏறி அவர் தலைக்கு மேலே நிற்கவும், அவர் முன்னால் எதையும் உயரத்தில் வைக்கவும் கூடாது. கலியோவா புரொஜெக்டரை முதலில் ஒரு மேசைமேல் வைத்தார். ராத்துவின் சார்பில் பேசும் ஊர்ப் பேச்சாளர் எபெலி ஒரு பார்வை பார்த்தார். கலியோவா எங்கள் வழக்கப்படி கைதட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை இறக்கிச் சட்டிக்குப் பின்னால், பாயிலேயே வைத்தார். படம் விழ வேண்டிய கீழ்ச்சுவர் பக்கத்திலேயே இருந்ததால், சட்டியைச் சுற்றி இருந்தவர்களின் தலைக்கு மேலே அது தெரிய வேண்டி, மெஷினின் முன்காலுக்கு அடியில் ஒரு ஞானப்பாட்டுப் புத்தகத்தைச் செருகினார். வெளிச்சம் அண்ணாந்து சுவரில் ஏறியது.

வரைபடத்தில் ஆறு மேலே இருந்தது. நூறு மீட்டருக்கு இவ்வளவு என்று காட்டும் அளவுகோடு அடியில் இருந்தது. கம்பெனி எல்லை ஒரு சிவப்புக் கோடு. அதன் பக்கத்தில் ஏதோ பெயர் எழுதியிருந்தது, மேல்பாதி முழுக்க மங்கலாக இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை. கேட்டேன். பெயர் முக்கியமில்லை, தூரம்தான் முக்கியம் என்றார் கலியோவா. அளவுகோட்டின் நீளத்துக்கு ஒரு நாணல் குச்சியை வெட்டி, மடுவிலிருந்து சிவப்புக் கோடு வரை சுவரில் வைத்துக் காட்டினார். மூன்று முழுக் குச்சி, நாலாவதில் அரைக்குச் சற்றுக் குறைவு. முந்நூற்று நாற்பது மீட்டர் என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போடும் தாள் எடுக்கப்பட்டது.

அப்போதுதான் வாசிதி டீ வாளியோடு வாசலுக்கு வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். எபெலி அவளுக்குத் தாய்மாமன் மகன். எழுந்து வாசலுக்குப் போனார்.

“மச்சினி, டீய வெச்சிட்டுக் கெளம்பு.”

“வெச்சிட்டேன் மச்சான். படம் என்ன கூடை வாய் மாதிரி விரிஞ்சு கெடக்கு? குச்சிய எங்க வெட்டினீங்க?”

“கீழ, அளவுகோட்டுல.”

“ஆறு எங்க இருக்கு?”

“மேல.”

“கீழ எல்லாம் ஒடுங்கிக் கெடக்கு, மேல எல்லாம் உப்பிக் கெடக்கு. சின்னப் படியால அளந்தா அரிசி கூடத்தான் தெரியும். கடைக்காரன் இப்படி அளந்தா நீங்க சும்மா விடுவீங்களா?”

எங்கள் பக்கம் மச்சானும் மச்சினியும் என்ன பேசினாலும் அது கேலிதான், யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. வாசலில் நடந்த கேலி கூட்டத்துப் பேச்சாகாது என்பது என் கட்சி. ஆனால் அவள் குரலைத் தாழ்த்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடம் முழுக்கக் கேட்டது.

ராத்து டீயைக் கையில் வாங்காமலே கேட்டார். “அத நேராக்க உனக்குத் தெரியுமா?”

“தெரியும் ராத்து.”

“மெஷின் ஒசரக்கூடாது.”

“ஒசராது.”

கலியோவா சிரித்துக்கொண்டே, இதற்கு மெஷினிலேயே பட்டன் இருக்கிறது என்று அழுத்தினார். படத்தின் மேல்பக்கம் கொஞ்சம் சுருங்கி, அதற்குமேல் சுருங்க மறுத்தது. எழுத்துகள் இன்னும் இழுபட்டு ஈரத்தில் எழுதியதுபோல ஆயின. வாசிதி குனிந்தபடி வந்து அந்தப் பட்டனைத் திரும்ப அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். ஞானப்பாட்டுப் புத்தகத்தை உருவி, சேலை தட்டுவதுபோல் தட்டிப் போதகரிடம் கொடுத்தாள். அது இருந்த இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகினாள்.

அவளுடைய வெள்ளைப் பலகை வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன் அடிவிளிம்பைச் சுவரோரமாக வைத்து, தலைப்பக்கத்தை எங்களை நோக்கிச் சாய்த்து, உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். உத்தரம் எட்டவில்லை. ஒரு பெஞ்சை இழுத்துப்போட்டாள்.

எபெலி அவசரமாகச் சொன்னார். “ராத்து உக்காந்திருக்காரு. நீ ஏறாத. நான் கட்டறேன்.”

“நீங்க கட்டின படகு ரெண்டு தடவ ஆத்தோட போயிருக்கு மச்சான்.”

பின்வரிசையில் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் ஏறிவிட்டாள்.

“எறங்குன்னு சொல்றேன்.”

“கட்டிட்டு எறங்கறேன்.”

இரண்டு முடிச்சையும் போட்டாள். என் கடிகாரத்தில் நான்கு நிமிடம். அவ்வளவு நேரமும் ஒரு பெண் ராத்துவின் தலைக்கு மேலே நின்றாள். அதுவரை எங்கள் கூடத்தில் நடக்காதது. ராத்து சட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

கீழே இறங்கியபின் ஜன்னல்களைப் பாய்களால் மூடச் சொன்னாள். வேர்த்துக் கொட்டியது. நூல் ஒன்றை எடுத்து, விழுந்த படத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துப் பிடித்தாள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும். ஒன்பது விரற்கடை வித்தியாசம். பலகை ஒருபக்கம் திரும்பியிருந்தது. அடியை இரண்டு விரற்கடை நகர்த்தி மறுபடியும் பிடித்தாள். மூன்றாம் தடவை இரண்டு நூலும் ஒரே நீளம். பிறகு மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் சமமா என்று பார்த்து, கயிற்றைச் சிறிது தளர்த்தினாள். கடைசியாகத்தான் ஃபோகஸ். நடுவில் இருக்கும் பெரிய எழுத்தைப் பார்த்து அவள் திருப்புவதில்லை. மூலையில் இருக்கும் மிகச் சின்ன எழுத்தைப் பார்த்துத் திருப்பினாள். நாலு மூலையும் ஒரே நேரத்தில் தெளிந்தன.

சிவப்புக் கோட்டின் பக்கத்திலிருந்த பெயரை இப்போது என் கண்ணாலேயே படிக்க முடிந்தது. வெள்ளைப் பாறை.

அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு ஆணும் சிறுவயதில் அந்தப் பாறையிலிருந்து ஆற்றில் குதித்தவன்தான். ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

வாசிதி புதிதாக ஒரு நாணலை அளவுகோட்டில் வைத்து வெட்டினாள். தானே அளக்கவில்லை. எபெலியிடம் நீட்டிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எபெலி அளந்தார். இரண்டு முழுக் குச்சி, மூன்றாவதில் முக்காலுக்கும் சற்றுக் குறைவு. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை அளந்தார். அதற்குள் நான் கையோடு கொண்டுவந்திருந்த என் பழைய அளவு நோட்டைத் திறந்திருந்தேன். 1987 ஜூன் நான்காம் தேதி, மடுவிலுள்ள அளவுக் கம்பத்திலிருந்து வெள்ளைப் பாறை வரை சங்கிலி போட்டு அளந்தது, இருநூற்று எழுபத்தொரு மீட்டர். படித்தேன்.

“இருநூத்தி எழுவது, ராத்து,” என்றார் எபெலி. ஊர்ப் பேச்சாளர் வாயால் அது சொல்லப்பட்டது.

மெஷின் கொஞ்சம் முன்னேபின்னே காட்டும், கோட்டை அப்புறம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம், இன்று கையெழுத்து மட்டும் ஆகட்டும் என்று கலியோவா சொன்னார். அவர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் அதை எழுதவில்லை.

ராத்து, காலையில் கலியோவா காணிக்கையாக வைத்த யங்கோனா வேர்க்கட்டைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து எபெலியிடம் தந்தார். எபெலி அதைக் கொண்டுபோய்க் கம்பெனி ஆளின் முன்னே வைத்தார். திரும்பிவந்த வேர்க்கட்டுக்கு விளக்கம் தேவையில்லை. கலியோவா மெஷினை எடுத்துக்கொண்டு போனார்.

பெண்கள் அன்று மாலையே மடுவில் இறங்கினார்கள். ஆனால் பெஞ்சு விவகாரம் முடியவில்லை. ராத்து தலைக்கு மேலே நின்றதற்கு வாசிதி வேர்க்கட்டு வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். மூன்று நாள் அவள் அசையவில்லை. மடுவைக் காப்பாற்றியதற்கு அபராதமா என்று அவள் புருஷனே கொதித்தான். வெள்ளிக்கிழமை காலை ஒரு வேர்க்கட்டு எடுத்துக்கொண்டு ராத்து வீட்டுக்குப் போனாள். அவளுக்காகப் பேச எபெலி தொண்டையைச் செருமினார். அவள் முந்திக்கொண்டாள்.

“பெஞ்சுல ஏறினதுக்கு மன்னிப்புக் கேக்கறேன் ராத்து. பலகையக் கட்டினதுக்குக் கேக்கல. அந்த முடிச்ச நான்தான் போடணும், அடுத்த தடவயும் நான்தான் போடுவேன்.”

ராத்து வேர்க்கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டு மூன்று முறை கைதட்டினார்.

“அடுத்த தடவ நான் வந்து உக்கார்றதுக்குள்ள கட்டி முடிச்சிடு.”

“நேரத்தோட கூப்பிட்டா முடிச்சிடுவேன்.”

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி கம்பெனி புது வரைபடத்தோடு மறுபடி வந்தது. கூட்டம் பத்து மணிக்கு. எட்டு மணிக்கே எபெலி அவள் வீட்டு வாசலில் நின்று, பலகையை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். யார் சொன்னது என்று அவள் உள்ளேயிருந்தே கேட்டாள். அவர் ஆற்றைப் பார்த்துவிட்டு, “நான்தான்,” என்றார்.

நான் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டு நாற்பது. அவள் பெஞ்சின்மேல் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சு ஆடாமல் எபெலி இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இழுத்துப் புடிங்க மச்சான், இது படகு இல்ல,” என்றாள்.